கோட்டைக்குள் நாற்பத்தைந்து நிமிடம்

“இன்னும் உம்மாக்கிட்டக் கதைக்கல்லயா?”

நிப்றாஸ் இப்படிக் கேட்டதும் றிஸ்லா சுற்றுமுற்றும் பார்த்தாள். கல்முனையிலிருந்து இந்தியாவுக்குச் சுற்றுலா வந்த இருபது பேரும் அந்தப் பாய்மரப் படகில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நல்லவேளை, எல்லார் கண்ணும் கடல் நடுவே கறுப்பாக எழுந்து நின்ற ஜஞ்ஜிராக் கோட்டை மீதே இருந்தது.

“மெதுவாக் கதைங்க. ஆக்கள் பாக்காங்க.”

“எட்டு நாளா இதத்தானே சொல்றீங்க. அஜ்மீர்லயும் கதைக்கல்ல, மும்பாய்லயும் கதைக்கல்ல. நாளைக்கு பிளைட்.”

“நீங்க மட்டும் உங்கட வாப்பாக்கிட்டச் சொல்லிட்டீங்களாக்கும்?”

“சொல்லிட்டன். சுபஹு தொழுதிட்டு வரக்குள்ள.”

றிஸ்லா அவன் பக்கம் திரும்பினாள். “என்ன சொன்னாரு?”

“‘அந்தப் புள்ளைட உம்மா ஓமெண்டா எனக்கும் ஓம்’ எண்டாரு.”

கல்முனையில் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த மேசைகளில் மூன்று வருடமாக இருவருக்கும் வேலை. ஒருநாள் பகல் சாப்பாட்டு வேளையில் வாய்தவறி வந்ததுபோல் வந்த யோசனைதான் இது. இரண்டு குடும்பத்தையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிட்டதும் அவர்கள் போட்ட திட்டம்தான். அன்றிலிருந்து றிஸ்லாவுக்கு நிம்மதியான உறக்கம் இல்லை. கத்தார் விசாவும் வந்துவிட்டது. அடுத்த மாதம் புறப்பட வேண்டும். அதற்குள் இது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

படகு கோட்டைச் சுவரை நெருங்கிய பிறகுதான் வாசலே கண்ணுக்குத் தெரிந்தது. படிக்கட்டில் முட்டி முட்டி ஆடியது படகு. படகுக்காரன் ஹிந்தியில் ஏதோ கத்தினான். பயணத்தை நடத்தி வந்த சுபியான் அதைத் தமிழில் சொன்னார்: “நாப்பத்தஞ்சு நிமிசம்தான். பிந்தினா படகு நிக்காது.”

உள்ளே போனதும் கூட்டம் பெரிய பீரங்கியைப் பார்க்க ஓடியது. நிப்றாஸின் வாப்பா அப்துல் கபூரும் அங்கேதான் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பீரங்கியையே பார்த்தார். மறந்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

றிஸ்லாவின் உம்மா அஸீஸா பீரங்கிப் பக்கமே போகவில்லை. கோட்டையின் நடுவிலிருந்த குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தாள்.

“சுத்தி உப்புத் தண்ணி, நடுவுல நல்ல தண்ணி. அல்லாஹ்ட வேலையப் பாத்தியா புள்ள?”

றிஸ்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம் போய்விட்டது. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

“என்ன புள்ள, எறும்பு கடிக்கா?”

“உம்மா, ஒண்டு சொல்லணும். ஏசக்கூடாது.”

சொன்னாள். நாலே வசனம்தான்.

அஸீஸாவின் முகம் கறுத்தது. “இதுக்குத்தானா என்ன இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்த?”

“ஊருல சொன்னா நீங்க காது குடுத்திருக்க மாட்டீங்க.”

“நம்மட மருதமுனைச் சனம் என்ன கதைக்கும்?”

“நாலு நாளைக்குக் கதைக்கும். புறகு வேற கதை கிடைச்சிரும்.”

“உன்ட வாப்பா மௌத்தாகி இருவது வருசம். அந்த வீட்டுல நீயும் நானும்தான். ஒரு ஆம்பிளட செருப்புக்கூட வாசல்ல கிடந்ததில்ல.”

“அதுக்குத்தான் உம்மா கேக்கன். கலியாணம் முடிஞ்சாலும் நம்மட வீட்டுலதான். நீங்க எங்கயும் போகத் தேவையில்ல.”

அஸீஸா எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இடிந்த சுவரோரமாக நடந்தாள். பின்னால் போகலாமா, வேண்டாமா என்று றிஸ்லாவுக்குத் தெரியவில்லை. தூரத்தில் நிப்றாஸ் புருவத்தை உயர்த்தி ‘என்ன?’ என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்றுமில்லை, இல்லை என்றுமில்லை.

அதற்குள் வாசலில் விசில் சத்தம் கேட்டது. “வாங்க, வாங்க! படகு போகப் போகுது!” சுபியான் எல்லாரையும் விரட்டிக்கொண்டு வந்தார்.

படகில் ஏறியதும் உம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாய் விரிந்தது. கோட்டை வாசல் சுவரோடு சுவராக மறைந்துபோனது. தப்புச் செய்துவிட்டோமோ? உம்மாவுக்கு நொந்துவிட்டதோ? றிஸ்லா தன் பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

பாதிக் கடலில் அஸீஸா மெல்லக் கேட்டாள். “அந்த மனுசன் உண்மையா ஓமெண்டாரா?”

“ஓம் உம்மா. நீங்க ஓமெண்டாத்தான் தனக்கும் ஓமெண்டாராம்.”

அஸீஸா மகளை நெருங்கி உட்கார்ந்தாள்.

“அப்ப, நீ கத்தாருக்குப் போறத்துக்கு முந்தியே வெச்சிருவமா?”

“எத உம்மா?”

“நிக்காஹ்வத்தான்.”

றிஸ்லா ஆடுகிற படகில் ஆள்மேல் ஆளாகப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்குப் போனாள். நிப்றாஸ் பதறி எழுந்தான்.

“உம்மாக்கு ஓமாம்!”

“அல்ஹம்துலில்லாஹ்! இனி என்ன செய்யிற?”

“கரைக்குப் போன உடன கத்தாருக்குக் கோல் எடுத்து, ‘உங்கட மாமிக்குக் கலியாணம்’ எண்டு என்ட புருசனுக்குச் சொல்லணும்.” றிஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “தனிச்சிப்போன உங்கட வாப்பா எங்கட உம்மாவக் கலியாணம் முடிச்சா, ஒத்தப் புள்ளையா வளந்த எனக்கு இனி நீங்கதானே கூடப்பொறந்த காக்கா!”