வாணியின் அகப்பக்கமும் நாலு வெங்காயமும்

“அண்ணி, வெப்சைட் செய்ய லேப்டாப் போதும்லா. வெங்காயம் எதுக்கு?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கவிநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் லேப்டாப், மறுபக்கம் வெட்டுப்பலகை நிறைய வெங்காயம். நடுவில் அண்ணி வாணி. கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசாத கவி. வேலையா இருக்கேன்.”

“அழற வேலையா?”

விடுவானா கொழுந்தன்? பத்து விநாடிக்கு வீடியோ எடுத்தான். ‘வெப்சைட் செய்யத் தெரியாம அழும் அண்ணி’ என்று தலைப்புப் போட்டு, குடும்ப வாட்சாப் குழுவில் தட்டிவிட்டான்.

மளமளவென்று பதில் வந்தது. ஒவ்வொன்றையும் அவரவர் குரலிலேயே வாசித்துக் காட்டினான். அது அவனுக்குக் கைவந்த கலை.

முதலில் லூபோக் சீனாவில் இருக்கும் பெரியப்பா, இருமலோடு. “ஹ்ஹக்கும்... தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுத்திருக்கலாம்லம்மா?”

அப்புறம் கோலா சுங்கை பாரு ஊர் அத்தை, மூக்கால். “அலாமாக்! நாலு நாளா அந்த வீட்ல வெங்காய சாம்பார்தானாம். சுகுமாரன் பாவம்லா!”

வாணிக்கே சிரிப்பு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

வாணியும் அவள் கணவன் சுகுமாரனும் மலேசியாவில், புலாவ் செபாங் என்ற சிற்றூரில் இறுதிச்சடங்கு சேவை நடத்துகிறார்கள். பெட்டி, வேன், பூ, சடங்குச் சாமான் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போன மாதம் பின்வீதியிலேயே இரண்டு சாவு. இரண்டு வீட்டாரும் கைப்பேசியில் தேடி, மலாக்காவிலிருந்து பெரிய கம்பெனியை வரவழைத்துவிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் இவர்களுடைய வேன் கழுவித் துடைத்தபடி சும்மா நின்றது. இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால், வேனை விற்றுவிட்டு சுகுமாரன் பழையபடி ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால்தான் வாணி மூன்று வாரமாக யூடியூப் பார்த்து, தானே அகப்பக்கம் செய்துகொண்டிருந்தாள்.

“எங்க, காட்டுங்க.” கவிநேசன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான்.

வெள்ளைத் திரை. அதில் தடித்த எழுத்தில் ஒரே வரி: ‘யாராவது தவறிட்டாங்களா? எங்களைக் கூப்பிடுங்க.’ கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டன். வேறொன்றும் இல்லை.

“அண்ணி, இது வெப்சைட்டா? கண் டாக்டர் சுவத்துல மாட்டுற அட்டையா?”

“மொதல்ல நெறைய வெச்சிருந்தேன் கவி. பெட்டிப் படம், வேன் படம், விலை, உங்கண்ணன் கோட்டுப் போட்ட போட்டோகூட. ஒவ்வொண்ணா எடுத்துட்டேன்.”

“கடைசில வெப்சைட்டையே எடுத்துட்டீங்க! நவுருங்க, நான் செஞ்சு காட்டறேன்.”

பக்கத்து ஊரான தம்பினில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறவன் அல்லவா? அரைமணி நேரத்தில் செய்து முடித்தான். திரையில் தாமரைகள் மிதந்தன. புல்லாங்குழல் தானாக ஒலித்தது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் வரிசையாக ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெட்டி குதித்து வந்தது. அதை வானொலி அறிவிப்பாளர் குரலில் படித்தான்.

“வணக்கம் நேயர்களே! இன்றே பதிவு செய்தால் பத்து விழுக்காடு தள்ளுபடி!”

“சாவுக்குத் தள்ளுபடியா?”

“மார்க்கெட்டிங், அண்ணி!”

வாணி கோபப்படவில்லை. வெட்டுப்பலகையையும் கத்தியையும் அவன் பக்கம் தள்ளினாள்.

“நாலு வெங்காயம் நறுக்கு. பொடிசா நறுக்கணும். அப்புறம் ஒன்னோட பேஜ்லேருந்து எனக்குப் போன் போடு.”

“இவ்ளோதானா?”

டிவி சமையல்காரர் குரலில் ஆரம்பித்தான். “இப்போ நம்ம வெங்காயத்த எடுத்துக்கறோம், தோல உரிச்சிக்கறோம்...” இரண்டாவது வெங்காயத்தில் குரல் கம்மியது. மூன்றாவதில் நின்றே போனது. நாலாவதை முடித்தபோது மூக்கும் ஒழுகியது.

கைப்பேசியில் தன்னுடைய பக்கத்தைத் திறந்தான். தாமரையெல்லாம் ஒரே சேறாகக் கலங்கித் தெரிந்தது. தள்ளுபடிப் பெட்டியை மூடப்போய் பிளாட்டினத்தில் விரல் பட்டது. புல்லாங்குழல் இன்னும் சத்தமாக ஊதியது.

“நம்பர எங்கதான் வெச்சேன்?”

கண்ணைக் கசக்கினான். கையெல்லாம் வெங்காயச் சாறு. எரிச்சல் இரண்டு மடங்கானது. தானே செய்த பக்கம், தனக்கே வழி தெரியவில்லை.

“சரி விடு. இப்ப என்னோடத தெற.”

திறந்தான். எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் பச்சையாக என்னவோ பெரிதாக இருந்தது. குத்துமதிப்பாக விரலை வைத்தான்.

மேசைமேல் வாணியின் போன் அடித்தது.

“கெடைச்சிருச்சு, ஒத்துக்கறேன்.” போனைக் காதில் வைத்தபடியே மூக்கை உறிஞ்சினான். “ஆனா அதுக்கு எதுக்கு அண்ணி வெங்காயம்?”

வாணி எதிரில்தான் நின்றாள். இருந்தாலும் தன் போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஊரில் எல்லார் குரலும் கவிநேசனுக்கு வரும். அண்ணியின் இந்தக் குரலை மட்டும் அவன் கேட்டதே இல்லை.

“சொல்லுங்கய்யா, வாணி பேசறேன். அவசரமே இல்ல. அழுதுகிட்டே சொல்லுங்க, எனக்குப் புரியும்.”