அந்த லாக் பின் எங்கே?

"சொன்ன வேலை முடிஞ்சுதா?" என்று கிடங்கு மேனேஜர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். இடுப்புப் பட்டையும் தொங்கும் கயிறுமாக நின்ற உடும்பு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார்.

ஏழு ஆள் உயர ரேக்குகளில் வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டு ஏறி, எங்கே வளைந்திருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று சோதனை போடுகிறவர் அவர்தான். அதனால் வந்த பெயர் அது.

ட்ரோனால் ரேக்குகளைச் சோதித்துக் காட்ட வந்திருந்த பெண், பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டே இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மறைக்காம சொல்லிடறேன், பைலட்டம்மா," என்றார் மேனேஜர். "இந்த வரிசையில இருந்த சரக்கை எல்லாம் இறக்கி வச்சாச்சு. காலையில இவரை மேல ஏறி, ஏதாவது ஒரு இடத்துல லாக் பின்னை உருவிடச் சொன்னேன். எந்த இடம்னு எனக்கே தெரியாது. உங்க பொம்மை கண்டுபிடிச்சிட்டா, கிடங்கு மொத்தத்துக்கும் ரேக் சோதனை இனிமே உங்க பொறுப்பு."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"பழையபடி கல்யாண வீடியோதான். மாப்பிள்ளை தலையில பூ தூவிக்கிட்டு இருங்க."

"சாப்பாடாவது நல்லா இருக்கும், தங்கச்சி," என்றார் உடும்பு.

அவள் பேருக்குச் சிரித்தாள். கையிலிருந்த காமிராக்களை எல்லாம் விற்றுத்தான் இந்த ட்ரோனை வாங்கியிருந்தாள். இது ஜெயித்துவிட்டால் உடும்புக்கு இங்கே என்ன வேலை? அதைத் தெரிந்துகொண்டு அவர் சும்மா விடுவாரா? யார் கண்ணுக்கும் எட்டாத மூலையாகப் பார்த்துத்தான் உருவியிருப்பார்.

லாக் பின் என்பது சுண்டுவிரல் அளவுகூட இல்லாத இரும்புத் துண்டு. ரேக்கின் குறுக்குச் சட்டம், தூணில் உள்ள துளைகளில் கொக்கி போட்டு உட்காரும். பாரம் ஏற ஏற இன்னும் இறுகும். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அசந்துபோய்க் கீழிருந்து ஒரு இடி இடித்தால் சட்டம் துள்ளி வெளியே வந்துவிடும். அப்படித் துள்ளாமல் பிடித்து வைப்பதுதான் அந்தப் பின்.

ஃபோர்க்லிஃப்டுகளை நிறுத்தி, வரிசையின் இரு முனையிலும் சங்கிலி கட்டினார்கள். ட்ரோன் தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டு மேலே எழுந்தது.

கூரைக்கு அடியில் செயற்கைக்கோள் வழிகாட்டாது. அதனால் அது தன் கண்களாலேயே தூணை அளந்து, கையெட்டும் தூரத்தில் அந்தரத்தில் நின்று, ஒவ்வொரு மூட்டாகப் படம் பிடித்தது. அவள் திரையில் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

உச்சித் தட்டுச் சட்டத்தின் மேல் பாய் விரித்தாற்போல் கலையாமல் படிந்திருந்த தூசி, ட்ரோனின் காற்றுப் பட்டதும் கிளம்பிக் கீழே கொட்டியது. மேனேஜர் அடுத்தடுத்துத் தும்மினார்.

"ஒட்டடை கூட அடிக்குது சார். வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டா, மேடம் உங்களை ஏணி மேல ஏத்த மாட்டாங்க!" என்றார் உடும்பு, தன் சலவைச் சட்டையைத் தட்டிக்கொண்டே.

"என் ஏணி உங்களுக்கெப்படித் தெரியும்?" என்று மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பக்கம் பார்த்தாயிற்று. பின்பக்கம் பார்த்தாயிற்று. பேட்டரியை மாற்றி மறுபடியும் ஏற்றி, அடியிலிருந்தும் பார்த்தாயிற்று.

"என்னம்மா, சிக்குச்சா?"

"எல்லாப் பின்னும் இருக்கு, சார்."

"நல்லாப் பாருங்க. ஏதாவது ஒரு இடம் சந்தேகமா இருந்தாக்கூடச் சொல்லுங்க. ஒத்துக்கறேன்."

கடைசித் தூணில் ஒரு மூட்டு மட்டும் நிழலில் மங்கலாகத் தெரிந்தது. குருட்டாம்போக்கில் அதைக் கைகாட்டிவிடலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. அடித்தால் யோகம். ஆனால் நாளைக்கு இதன் அடியில் ஆட்கள் நடமாடும்போதும் இப்படித்தான் ஊகித்துச் சொல்வாளா? ட்ரோனின் விளக்கைப் போட்டு இன்னும் நெருங்கிப் பார்த்தாள். பின் பளபளவென்று நின்றது.

"அங்கேயும் இருக்கு, சார். வாய்க்கு வந்ததைச் சொல்றதுன்னா இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு? நானே கீழ நின்னு சொல்லிடுவேனே!"

உடும்பு ஏதோ சொல்ல வாயெடுத்து, இருமிக்கொண்டார்.

"அப்ப தோத்துட்டீங்க, பைலட்டம்மா," என்றார் மேனேஜர், நிஜமான வருத்தத்தோடு. "ஒத்துக்கறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"ஒத்துக்க மாட்டேன், சார். நான் பார்த்தது பார்த்ததுதான்." ட்ரோனை இறக்கி, அதன் கைகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.

மேனேஜருக்கே பொறுக்கவில்லை. "உடும்பாரே, பாவம், அந்தப் பொண்ணு கண் முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும். மேல ஏறி, எந்த இடத்துல உருவினீங்கன்னு காட்டிட்டு வாங்க."

உடும்பு அண்ணாந்து உச்சித் தட்டைப் பார்த்தார். அப்புறம் பெட்டிக்குள் போகவிருந்த ட்ரோனைப் பாசத்தோடு பார்த்தார்.

"அதான் ட்ரோன் வந்துடுச்சேன்னு, காலையில நான் ஏறவே இல்லைங்க சார்!"