உப்புப் படாத வண்டி

வாசலுக்கும் டீலியாவின் காருக்கும் நடுவே நின்று மூஸ் என்னும் ராட்சதக் காட்டுமான் ஒன்று காரை நக்கிக்கொண்டிருந்தது.

குதிரையைவிட உயரம். கார்க் கூரையை நக்க அது கழுத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது.

டீலியாவுக்கு விடிந்ததிலிருந்து பிரசவ வலி. மருத்துவமனை ஆற்றுக்கு அக்கரையில். ஆம்புலன்ஸ் வேறு ஊரிலிருந்து வர வேண்டும்.

அவள் கணவன் லூயி சன்னலைத் திறந்து சட்டியைத் தட்டினான். மூஸ் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுப் பின்கதவுக்கு நகர்ந்தது.

சாவியிலிருந்த பொத்தானை அழுத்தி ஹாரனை அலற விட்டான். அதன் காதுகள் பின்னால் மடிந்தன. பிடரி மயிர் எழுந்தது. அதற்கு மேல் கிட்டே போகக் கூடாது. அவர்களுடைய பெனாப்ஸ்காட் பழங்குடியில் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

"பட்டையை உரிச்சுத் தின்றவன்னுதானே நம்ம ஆளுங்க உனக்குப் பேரு வெச்சாங்க? போய் உரியேன்டா!" என்று கத்தினான்.

"குளிர்காலம் பூரா பட்டையையே தின்னா உனக்கும்தான் நாக்கு அலையும்" என்றாள் டீலியா.

அவள் சொன்னது சரி. கோடையில் குளத்துச் செடிகளைத் தின்பதால் மூஸுக்கு உப்பு கிடைத்துவிடும். குளம் உறைந்தபின் பட்டையும் சுள்ளியும்தான். அவற்றில் உப்பே கிடையாது. சாலையிலோ, பனி உருகட்டும் என்று உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். சக்கரம் அதை வாரி இறைக்கிறது; காரில் வெள்ளையாகக் காய்கிறது. ஜனவரியில் தினமும் ஓடும் கார், சக்கரம் வைத்த உப்புக்கட்டி.

"மேப்பிள் மரக்கிளை நாலு வெட்டிப் போட்டுப் பாக்கட்டுமா?" என்றான் லூயி.

டீலியாவுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. நாற்காலி முதுகைப் பிடித்துக் குனிந்திருந்தாள். வலி விட்டதும் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

கார்ச் சாவியைக் கொடுத்தான்.

"இது இல்ல. இன்னொண்ணு."

லூயி தரையைப் பார்த்தான். சட்டைப்பைப் பொத்தானைக் கழற்ற அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

பின்வாசலை ஒட்டிய கொட்டகையில் அவனுடைய சிவப்பு பிக்கப் வண்டி நின்றது. உப்புப் பட்டால் துருப்பிடிக்கும் என்று, வாங்கிய நாளிலிருந்து ஒரு குளிர்காலத்திலும் அதை அவன் வெளியே எடுத்ததில்லை.

அதில் போனார்கள். மூஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.