பாலத்தடிப் பண்டமாற்று

"முட்டையில கோழி எச்சம் பூசுற மனிசன நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் மனைவி ஸாலிஹா.

அசனார் சிரிக்கவில்லை. கடையில் வாங்கிய இருபது முட்டைகளையும் உமி போட்ட வாளியில் பக்குவமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிக்காத புள்ள. மூர்த்திக்கு விளங்கிட்டா என்ன செய்யிற?"

"கோழியெல்லாம் நோய் வந்து செத்துப்போச்சுண்டு உண்மையச் சொல்லுங்களேன். அவரு என்ன, உங்கள விழுங்கவா போறாரு?"

"கோழி இல்லாட்டி மறுகா அவரு என்னத்துக்கு வரணும்?"

ஸாலிஹாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகளும் கட்டாரில் இருக்க, அந்த வீட்டுக்கு மனிதர் வந்து போவதே குறைவு.

காத்தான்குடி அசனாருக்கும் பழுகாமத்து வினாயகமூர்த்திக்கும் பழக்கம் ஏற்பட்டது, நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்து கிடந்த அந்த வருடத்தில். பெற்றோல் வரிசையில் மூன்று நாள் ஒன்றாகக் காய்ந்தார்கள். மூன்றாம் நாள் பெற்றோல் முடிந்துவிட்டதென்று பலகை தொங்கியதும், "இனி ஒருத்தரையும் நம்பிச் சீவிக்கப்படாது நானா" என்று அசனாரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மூர்த்தி.

அன்று பேசிக்கொண்டதுதான். அவருடைய வயல் அரிசி, இவருடைய வீட்டு முட்டை. ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தடிக்கு வந்து மாற்றிக்கொள்வார்கள். இடையில் கடையும் இல்லை, தரகரும் இல்லை. மாற்ற ஐந்து நிமிடம், கதைக்க இரண்டு மணித்தியாலம்.

இப்போது காஸ், பால்மா எல்லாம் கேட்ட இடத்தில் கிடைக்கிறது. அசனார் மோட்டார் சைக்கிளில் போகிறார்; மூர்த்தி சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறார். அந்தப் பொல்லாத காலம் திரும்பி வரவே கூடாதென்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்பார். கேட்டு முடித்த கையோடு, கொஞ்சமாகக் கவிழ்ந்தால்தான் என்ன என்று உள்ளே ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். சீ, இதுவும் ஒரு மனசா என்று தன்னையே ஏசிக்கொள்வார்.

பாலத்தடியில் மூர்த்தி வழக்கம்போல முன்னதாகவே வந்து நின்றார். காலடியில் அரிசி மூட்டை.

"எப்பிடி மூர்த்தி, இந்தமுறை விளைச்சல்?"

"நம்மட வயல் வட்டைக்கு என்ன குறை நானா? கோழியெல்லாம் எப்பிடி?"

"அதுகளுக்கென்ன!" என்று சொல்லிவிட்டு அசனார் வாவியில் போன தோணியைப் பார்த்தார்.

"உலகமே திரும்பக் கவிழட்டும். உங்கட கோழியும் என்ட வயலும் இரிக்கிற மட்டும் நமக்கு ஒரு பயமும் இல்ல." மூர்த்தி ஒரு முட்டையை எடுத்து ஆசையாகத் திருப்பிப் பார்த்தார். "வீட்டு முட்டைண்டா வீட்டு முட்டைதான். பாருங்க, எச்சமும் ஒட்டிக் கிடக்கு!"

இவ்வளவு நல்ல மனிதனை இதற்கு மேலும் ஏமாற்ற அசனாரால் முடியவில்லை.

"மூர்த்தி, அது கடை முட்டை. கோழியெல்லாம் செத்து மூணு மாசமாகுது. எச்சம் பக்கத்து வீட்டுக் கோழிட. கோழி இல்லண்டு தெரிஞ்சா நீங்க வரமாட்டீங்களெண்டு பயந்து போனன். என்ன மன்னிச்சிருங்க."

மூர்த்தியின் முகம் மாறிப்போனது. முட்டையை மெல்ல வாளிக்குள் வைத்தார்.

எல்லாம் முடிந்தது என்று அசனார் நினைத்தார். கண் கலங்கியதை மறைக்க வானத்தைப் பார்த்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது.

"ஏறுங்க மூர்த்தி. கடைசியா ஒருக்கா உங்கள வீட்டில கொண்டுபோய் விடுறன்."

மற்ற நாட்களில் "வேணாம் நானா, பாதை சரியில்ல" என்று ஒரே பிடியாக மறுக்கிற மனிதர், இன்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

அசனார் பழுகாமம் போகப் பாலத்தின் பக்கம் திருப்பினார். மூர்த்தியின் கை அவர் தோளில் விழுந்தது.

"அங்கால வேணாம் நானா, காத்தான்குடிப் பக்கம் திருப்புங்க. நான் வயல வித்துப்போட்டு, உங்கட ஊருக்குப் பக்கத்தில, ஆரையம்பதியில மகள்ட வீட்டோட வந்து ரெண்டு வருசம். இந்த அரிசிய உங்கட தெருமுனைக் கடையிலதான் வாங்கி, விடிய முதல் பஸ்ஸில ஏத்திக்கொண்டு வாறனான்."