சௌதாமினி டாக்டருக்கு என்ன நோய்?

சௌதாமினி டாக்டருக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று எங்கள் கமிட்டியில் முடிவே கட்டிவிட்டார்கள்.

கமிட்டி என்றால் லேசுப்பட்ட கமிட்டி இல்லை. கோழிக்கோட்டில் இருந்துகொண்டு, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிற மனநல டாக்டர்களின் சங்கம். எட்டுப் பேரும் அந்தப் படிப்புப் படித்தவர்கள். மற்றவர்கள் ஒருத்தரை அப்படிச் சொன்னால் வம்பு. நாங்கள் சொன்னால் அபிப்பிராயம்.

நான் செயலாளர்.

விஷயம் இதுதான். மலைப்பக்கத்துப் பதினாலு ஊருக்கும் மாசாமாசம் சங்கத்து டாக்டர் போய் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று அரசாங்கத்துக்கு வருஷ அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் உறுப்பினர் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் போட்டாயிற்று. சௌதாமினி மட்டும் பேனாவைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். போன கூட்டத்தில் அவர் மேஜையைத் தட்டிய தட்டில் டீக்கு வைத்திருந்த பழம்பொரித் தட்டு கீழே விழுந்து உடைந்தது.

தலைவர் குரியாக்கோஸ் கோபமே படவில்லை. அதுதான் அவர் சாமர்த்தியம். சங்க விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். உறுப்பினர் ஒருவருக்கு மனசு சரியில்லை என்று வேறு இரண்டு உறுப்பினர்கள் ஒரே நோயைச் சொன்னால், அவருக்கு ஒரு வருஷம் ஓய்வு கொடுக்கலாமாம். ஓய்வு என்றால் பதவி போச்சு, ஓட்டும் போச்சு. அறிக்கை தடையில்லாமல் போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். தலைவர் தேனாகப் பேசினார்.

"சௌதாமினி, உங்க மேல இருக்கிற அக்கறையில கேக்கறேன். ராத்திரி தூக்கமெல்லாம் வருதா?"

"நல்லா வருது சாரே. கரிமூலக்குன்னு போயிட்டு வந்த அன்னிக்கு மட்டும்தான் வரல."

கரிமூலக்குன்னு அந்தப் பதினாலில் ஒன்று. அங்கே எட்டு மாசமாக ஒரு டாக்டரும் கால் வைக்கவில்லை என்றார். மாத்திரைப் பொட்டலம் மட்டும் ஜீப்காரர் மூலமாகப் போகிறதாம். இவரே பஸ் பிடித்து, ஜீப் பிடித்து, மிச்சத்தை நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அங்க வெள்ளன்னு ஒருத்தர். எட்டு மாசமா அதே மாத்திரை, அதே அளவு. கை நடுங்கி, கஞ்சிக் கிண்ணத்தைக்கூடப் பிடிக்க முடியல. அவர் சம்சாரம் என்கிட்ட, 'எங்க டாக்டர் செத்துட்டாரா'ன்னு கேக்குது. உயிரோட இருக்கார்னு சொல்ல எனக்குத்தான் கூச்சமா இருந்தது."

தலைவர் என்னைப் பார்த்தார். எழுத்து மூலமாகப் புகார் எதுவும் வரவில்லை என்றேன். பொய் இல்லை. கரிமூலக்குன்னில் எழுதத் தெரிந்தவர்கள் கம்மி.

"சரி, போகாத டாக்டர் யாரு? பேரைச் சொல்லுங்க."

"பேர் சொல்ல நான் வரல. அங்க ஒரு டாக்டர் போகணும். எனக்கு அது போதும்."

எந்த ஊர் யாருடைய முறை என்று பட்டியலைப் புரட்டினால் தெரிந்துவிடும். புரட்டத்தான் யாருக்கும் மனசில்லை. ஒரு ஊருக்குப் புரட்டினால் பதினாலுக்கும் புரட்ட வேண்டிவரும்.

ஹம்ஸக்கோயா டாக்டர் என் காதோரம் குனிந்தார். பேர் இல்லை, ஆதாரம் இல்லை, குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது என்றால் அது அசல் சந்தேக நோய்தான் என்றார். நானும் தலையாட்டி வைத்தேன்.

சௌதாமினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"விதிப்படி ரெண்டு பேர் ஒரே நோயைச் சொல்லணும், அவ்வளவுதானே? ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதுங்க. பக்கத்துல எட்டிப் பாக்கக் கூடாது. ரெண்டு சீட்டு ஒத்துப்போச்சுன்னா, இப்பவே பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

இவ்வளவு பெரிய டாக்டர்கள், எப்படி மாட்டேன் என்பது? எழுதினோம். ஹம்ஸக்கோயா தன் சீட்டை மடித்துக்கொண்டே எனக்குக் கண்ணைக் காட்டினார். அவர் சொன்னதையே நானும் எழுதினால் தீர்ந்தது கதை. எழுதினேன், மடித்துப் போட்டேன்.

தலைவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். ஒருத்தர் மனச்சோர்வு என்று எழுதியிருந்தார். அடுத்தவர் அதற்கு நேர் எதிராக, உற்சாகம் தலைக்கேறின பித்து என்றார். ஹம்ஸக்கோயா சீட்டில் சந்தேக நோய். இன்னொருத்தர் தைராய்டில் கொண்டுபோய் விட்டார். மற்றொருத்தர் மாதவிடாய் நிற்கிற வயசு என்று எழுதியிருந்தார்.

"அது நின்னு ஆறு வருஷமாச்சு டாக்டரே" என்றார் சௌதாமினி.

தலைவருடைய சீட்டில் 'ஓய்வு தேவை' என்று இருந்தது.

"அது நோயில்ல சாரே. எனக்கும் தேவைதான்."

ஆறு சீட்டு, ஆறு விதம். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. தலைவர் அதைப் பிரித்து மனசுக்குள் படித்தார். முகம் கறுத்துப்போயிற்று. சத்தமில்லாமல் அதைச் சட்டைப் பைக்குள் தள்ளப் போனார். சௌதாமினி விடவில்லை. கையை நீட்டி வாங்கி, உரக்கப் படித்தார்.

"'நோய் ஒன்றும் இல்லை. இவர் சொல்வது அத்தனையும் உண்மை.'"

தலைவரின் குரலில் இருந்த தேனெல்லாம் எங்கே போயிற்றோ.

"யார் எழுதினது இது? அத்தனையும் உண்மைன்னு இவருக்கு எப்படித் தெரியும்? கரிமூலக்குன்னுக்கு நேர்ல போய்ப் பாத்தாரா?"

நான் எழுந்து நின்றேன்.

"போகல சார். எட்டு மாசமாப் போகவே இல்ல. அந்த ஊர் என் முறை."