ஐந்து டம்ளர் மஞ்சள் பால்

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிங்க. அரை ஸ்பூன் மஞ்சள், தட்டின மிளகு நாலு, ஒரு சொட்டு நெய். மிளகும் நெய்யும் சேர்ந்தாத்தான் மஞ்சள் உடம்புல பிடிக்கும்” என்று டம்ளரை நீட்டினாள் வனஜா.

சாமிநாதனுக்குத் தொண்டை கட்டி, மூக்கடைத்து ஐந்து நாளாகிறது. எந்த வாசனையும் தெரியவில்லை. ஆனாலும் மஞ்சள் பால் என்று கேட்டாலே அவருக்குக் குமட்டும். சளி விடும்வரை வீட்டைவிட்டு இறங்கக்கூடாது என்பது வனஜாவின் உத்தரவு. தெருமுனை பேக்கரியின் சூடான பாதாம் பாலை நினைத்து நினைத்து மனுஷர் ஏங்கிப்போயிருந்தார்.

“பால்கனியில நின்னு குடிக்கிறேனே.”

“ஆறுறதுக்குள்ள குடிங்க.”

பொம்மனஹள்ளி அபார்ட்மென்ட்டில் பால்கனிகள் ஒட்டினாற்போல் இருப்பது ஒரு வசதி. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா காலி டம்ளரோடு காத்திருந்தார். முதல் நாள் அவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் குடிக்கவைக்க வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து தானாகவே ஆஜராகிவிடுகிறார்.

“பேக, பேக, சீக்கிரம் ஊத்துங்க சாமி சார், ஆறிடப்போகுது!”

“இது உங்களுக்கு எப்படித்தான் தொண்டையில இறங்குதோ!”

“சென்னாகிதே சார், நல்லாவே இருக்கு! உடம்புக்கும் நல்லதாச்சே” என்று கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார் கிருஷ்ணப்பா.

தனக்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று சாமிநாதன் உருகிப்போனார்.

காலி டம்ளரோடு உள்ளே வந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாரு, குரல் எப்படித் திறந்துடுச்சு! அஞ்சே டம்ளர்! உன் மஞ்சளே மஞ்சள், வனஜா. இப்பவாவது பேக்கரி வரைக்கும் போயிட்டு வரட்டுமா? ஒரே ஒரு பாதாம் பால்...”

வனஜா சிரிக்கவில்லை.

“முதல் நாள் சாயங்காலம் லிஃப்ட்ல கிருஷ்ணப்பாவைப் பார்த்தேன். அவரோட வெள்ளை மீசை பூரா மஞ்சள். வீட்டுக்கு வந்து பார்த்தா, மஞ்சள் பால் குடிச்ச உங்க மீசை வெள்ளை வெளேர்னு இருக்கு.”

சாமிநாதனின் கை தானாக மீசைக்குப் போனது.

“மறுநாளே மஞ்சளை நிறுத்திட்டேன். நாலு நாளா உங்க டம்ளர்ல ஊத்திக் கொடுத்தது குங்குமப்பூ போட்ட பாதாம் பால். ஒரு வாய் குடிச்சிருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்!”

பால்கனிப் பக்கமிருந்து குரல் வந்தது.

“சாமி சார், நாளைக்கும் உங்களுக்குச் சளி இருக்கும்தானே?”