புறஊதா விளக்கின் கீழ்

ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் பட்டப்பகலில் கறுப்புத் திரை இழுத்துவிடப்படுகிறது. யூரோப்பியம் என்னும் அரிய உலோகத்தின் உப்பைக் கலந்து அம்மணி காலையில் வார்த்த பிளாஸ்டிக் தகடு, வெளிச்சத்தில் தண்ணீராய்த் தெளிந்திருந்தாலும், மூத்த ஆய்வாளர் ஜுலைகா பிடித்திருக்கும் புறஊதா விளக்கின் கீழ் இரத்தச் சிவப்பாய் எரிகிறது. கூடவே அம்மணியின் நகங்களும். இறுகாத குழம்பு நஞ்சென்று சுவரில் எழுதியிருக்கிறது; ஆனால் உறை மாட்டிய விரலுக்குப் பதம் தெரியாதென்று அம்மணி வெறுங்கையால்தான் கலக்குவாள். "சோப்புப் போட்டுத்தானுங்க்கா கழுவுனேன்." "நக்கோ, வேண்டாம் அம்மணி, அசையாதே." ஜுலைகா விளக்கை நகர்த்துகிறாள். சாப்பாட்டு டப்பாவின் மூடி சிவக்கிறது, தண்ணீர்க் குவளையின் விளிம்பு சிவக்கிறது. பிறகு ஒளி அம்மணியின் ஏழு மாத வயிற்றில் விழுகிறது. பிள்ளை உதைத்தபோதெல்லாம் அவள் தடவிக்கொடுத்த இடம் முழுக்க, புடவையின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்பு விரல்கள். பிள்ளை மறுபடி உதைக்கிறது. அவள் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது.